'டோனா' பாடலில் வரும் டோனா யார்? ரிச்சி வேலன்ஸின் பள்ளிக்காலக் காதல் பற்றி

வினா (எழுதியவர்: பழம்பாட்டுப் பிரியன்)

அனைவருக்கும் வணக்கம். 1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடல்களை அண்மைக்காலமாகத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். அவற்றுள் ரிச்சி வேலன்ஸ் பாடிய 'டோனா' மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. அவருடைய வாழ்க்கையை வைத்து 1987இல் லூயிஸ் வால்டெஸ் இயக்கிய 'லா பாம்பா' திரைப்படத்தையும் பார்த்தேன். மெக்சிகோ வம்சாவளிப் பையன் என்பதற்காகவே பெண்ணின் தந்தை அவரை அண்டவிடாமல் தடுப்பதும், அவர் தொலைபேசிச் சாவடியில் நின்றபடி அந்தப் பாட்டை அவளுக்குப் பாடிக் காட்டுவதும் அதில் வருகின்றன. இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு திரைக்கதை ஆசிரியரின் கைவண்ணம்? பதினேழு வயதிலேயே இறந்துபோன ஒருவர் பிரிவைப் பற்றி இப்படிப் பாடியிருப்பதைக் கேட்கையில், வரப்போவதை அறிந்தே பாடினாரோ என்றுகூடத் தோன்றுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1 (எழுதியவர்: இசைத்தட்டுச் சேகரிப்பாளர்)

வணக்கம் ஐயா. டோனா கற்பனைப் பாத்திரம் அல்லர். ரிச்சியின் பள்ளிக்காலத் தோழி. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடபகுதியில் உள்ள சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குதான் இருவருக்கும் ஊர். ரிச்சி அங்குள்ள பக்கோய்மா என்னும் உழைக்கும் மக்களின் குடியிருப்பில் வளர்ந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ரிச்சர்ட் வேலன்சுவேலா. பிறந்தது 1941 மே 13. தந்தை குறுக்கே நின்றதையும், பாட்டைத் தொலைபேசி வழியாகத் தனக்குப் பாடிக் காட்டியதையும் டோனாவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆகவே படத்தின் அடித்தளம் உண்மையே. அந்தத் தொலைபேசிச் சாவடியும், அதைச் சுற்றி அமைத்த ஒளியும் நிழலும் திரைப்படத்திற்கு உரியவை.

தங்கள் இரண்டாவது ஐயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பாட்டைக் காலவரிசைப்படி கேட்டுப் பாருங்கள். 1958 மே மாதத்தில் டெல்-ஃபை என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளர் பாப் கீன் இந்தப் பையனைக் கண்டெடுத்து, வேலன்சுவேலாவை வேலன்ஸ் எனச் சுருக்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் 'டோனா' இசைத்தட்டாக வெளிவந்தது. ரிச்சியின் உயிரைப் பறித்த விமான விபத்து நேர்ந்ததோ 1959 பிப்ரவரி 3 அன்றுதான். அதாவது, ஒரு பெண்ணோடு ஏற்பட்ட பிணக்கில் மனம் நொந்த பள்ளி மாணவன் ஒருவன் எழுதிய பாட்டு அது. மரணத்தின் சாயல் எதுவும் அதில் கிடையாது. என்னை விட்டுப் போனவள் எங்கே இருக்கிறாளோ என்று அவன் ஏங்குகிறான், அவ்வளவுதான். போனது அந்தப் பெண். ஆனால் இறந்தவன் பாடியவன் என்பதால், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் அந்தப் பிரிவைத் தலைகீழாக மாற்றிப்போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தப் பழக்கம் அந்தப் பாட்டுக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து. அதன் அழகு அது எவ்வளவு சாதாரணமானது என்பதில்தான் இருக்கிறது: மூன்றே கார்டுகள் (கித்தாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்), மெதுவான தாளம், எடுத்த எடுப்பிலேயே பெயரைச் சொல்லி நீட்டி அழைக்கும் அந்தக் குரல். கவிநயம் தேடுவோருக்கு அதில் ஒன்றும் அகப்படாது.

மறுமொழி 2 (எழுதியவர்: வரலாற்று ஆசிரியை)

தந்தையின் எதிர்ப்பை ஒரு தனிமனிதரின் பிடிவாதமாக மட்டும் பார்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளை வேறு பள்ளிகளில் பிரித்துப் படிக்கவைத்த வழக்கத்தை, ஆரஞ்சு மாவட்டத்துப் பெற்றோர் சிலர் தொடுத்த மெண்டெஸ் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1947இல்தான் செல்லாது என்றது. ரிச்சிக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பியிருக்காது. மாநிலத்தின் கலப்புமணத் தடைச் சட்டம் வீழ்ந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. நீதிமன்றம் சட்டத்தை மாற்றிப் பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், வீட்டுக் கூடங்களில் மனப்பான்மை மாறியிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. வேலன்சுவேலா என்ற குடும்பப்பெயர் வானொலியில் எடுபடாது என்று ஒரு நிறுவன உரிமையாளர் கருதிய அதே காலத்தில், அந்தப் பெயருக்குரிய பையன் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதை ஒரு வெள்ளைக்காரத் தந்தை விரும்பவில்லை. இவ்விரண்டும் ஒரே மண்ணில் விளைந்தவைதாம். விந்தை என்னவென்றால், சுருக்கப்பட்ட பெயரோடு அந்தப் பையன் நாடறிந்த பாடகன் ஆனபோது, ஊர் வானொலிகள் எல்லாம் உரக்கச் சொன்னது அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான்.

மறுமொழி 3 (எழுதியவர்: கித்தார் பயில்பவன்)

பெரியவர்கள் சொன்னவற்றோடு ஒரு சிறு ஒப்பீட்டைச் சேர்க்க விரும்புகிறேன். அதே விமான விபத்தில் இறந்த ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலிக்கும் பெண் பெயர் தாங்கிய 'பெக்கி சூ' என்ற புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு, 1957இல் வெளிவந்தது. ஆனால் அந்தப் பெண் ஹாலியின் காதலி அல்லர். அவருடைய குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜெர்ரி அல்லிசனின் தோழி, பின்னர் அவருடைய மனைவி. முதலில் 'சிண்டி லூ' என்றிருந்த பாட்டை, அல்லிசன் கேட்டுக்கொண்டதன்பேரில் ஹாலி பெயர் மாற்றிப் பாடினார். அங்கே பெயர் என்பது தாளத்திற்கு இசைவாக வந்து அமர்ந்த ஒன்று; எந்தப் பெயரை வைத்தாலும் பாட்டு ஓடியிருக்கும். 'டோனா' அப்படிப்பட்டதல்ல. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் பாட்டில் மிஞ்சுவது சொற்பம். கித்தாரில் அதை வாசிக்க முயன்றபோது இது எனக்கு நன்றாகவே புலப்பட்டது: கார்டுகள் எல்லாம் எளிமையாகக் கைக்கு வந்துவிடுகின்றன, பெயரை அழைக்கும் இடத்தில் குரலை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதுதான் வசப்படுவதில்லை. அவசரப்பட்டால் வெறும் அழைப்பாகிவிடுகிறது. கூடுதலாக இழுத்தால் ஒப்பாரியாகிவிடுகிறது. வேலன்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

வினா எழுப்பியவர் (பழம்பாட்டுப் பிரியன்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரே ஓர் ஐயம். 'டோனா' வந்த அதே இசைத்தட்டில் ரிச்சி பாடிய 'லா பாம்பா' பாட்டுக்கு இருக்கும் புகழைப் பார்த்தால், அதன் முதல் பக்கம் அதுவாகவே இருந்திருக்க வேண்டும் என்றல்லவா தோன்றுகிறது? 'டோனா' அதற்குத் துணையாக வந்த பாட்டா?

மறுமொழி 4 (எழுதியவர்: இசைத்தட்டுச் சேகரிப்பாளர்)

அதுதான் இல்லை ஐயா. முதல் பக்கம் 'டோனா', மறுபக்கம்தான் 'லா பாம்பா'. மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதி நாட்டுப்பாடல் ஒன்றை ஸ்பானிய மொழியிலேயே ராக் தாளத்தில் பாடியதை அமெரிக்க வானொலி நேயர்கள் எப்படி ஏற்பார்களோ என்ற ஐயம் அப்போது எழுந்திருந்தால் வியப்பதற்கில்லை. காதல் பாட்டு என்றால் அந்தக் கவலை இல்லை. பட்டியல்களும் அப்படியே அமைந்தன: அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பாடல் தரவரிசையில் 'டோனா' இரண்டாம் இடம் வரை ஏறியது, 'லா பாம்பா' 22ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. நிலைமை தலைகீழாக மாறியதற்கு 1987ஆம் ஆண்டின் படமும் அதற்காக லாஸ் லோபோஸ் குழு மீண்டும் பாடிய வடிவமும் பெரிய காரணங்கள். அந்த மறுபக்கப் பாட்டு அப்போது முதலிடத்தையே பிடித்தது. டோனாவும் நெடுங்காலம் வாழ்ந்து, ரிச்சியின் குடும்பத்தாரோடு நினைவு நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார். கேட்பதானால் இரண்டு பக்கங்களையும் வெளியான வரிசையிலேயே, 'டோனா'வை முதலில் வைத்துக் கேட்குமாறு பரிந்துரைக்கிறேன்.