294409: பத்தாம் வகுப்புப் பையனுக்கு எப்படிச் சொல்வது?

கும்பகோணத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ராமானுஜன் வளர்ந்த ஊர், பிள்ளைகளுக்கு 1729 (= 1³+12³ = 9³+10³) அத்துப்படி. அது 7×13×19, கார்மைக்கேல் எண்; அதாவது பகா எண்ணாக இல்லாமலே, பகா எண்ணா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும் எண். 294409உம் அதே இனம்தான்: 37×73×109. அதில் ஒன்றைக் கழித்தால், காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து வரும் 36, 72, 108 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும்.

"இதையும் ரெண்டு கனங்களாப் பிரிக்கலாமா சார்?" என்றான் ஒரு பையன். போட்டுப் பார்த்தோம். a³+b³ = (a+b)(a²−ab+b²) என்பதால் a+b இதன் வகுஎண்ணாக இருக்க வேண்டும்; அளவுக்குப் பொருந்துவது 73 மட்டும்தான். ஆக, கூட்டினால் 73, பெருக்கினால் 432 வரும் இரண்டு முழு எண்கள் வேண்டும். அதற்கு 73²−4×432, அதாவது 3601, முழு வர்க்கமாக இருக்க வேண்டும். 60இன் வர்க்கமோ 3600. ஒன்றில் தவறிவிட்டது! பலகையைப் பார்த்தபடி இருவரும் அப்படியே நின்றோம்.

சரி, உதவி இதுதான்: பகா எண்ணாக இல்லாமலே 294409 ஃபெர்மா சோதனையில் (n பகா எண் என்றால் எந்த முழு எண் aவுக்கும் aⁿ−a, nஆல் வகுபடும் என்பதை வைத்துப் பார்ப்பது) எப்படித் தேறுகிறது? ஒருங்கிசைவு (மீதிகளை வைத்துப் போடும் கணக்கு) மட்டும் தெரிந்த பையனுக்குப் புரியும்படி சொல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்களேன். ஞாயிறு வகுப்புக்கு முன் கிடைத்தால் ரொம்ப நல்லது.