பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருஷத் தடை: வயித்தைக் காப்பாத்தவா, கடையைக் கவுக்கவா?

கிரில்மாஸ்டர் (திருச்சி)

2025 ஏப்ரல் 8 தேதி போட்ட அரசிதழ் அறிவிப்பு இப்பதான் வாட்ஸப்ல சுத்துது. ஷவர்மாவோட குடுக்கிற வெள்ளை சாஸ் இருக்குல்ல, பச்சை முட்டையில செஞ்ச அந்த மயோனைஸை தமிழ்நாட்டுல ஒரு வருஷத்துக்குச் செய்யக் கூடாது, வெச்சிருக்கக் கூடாது, விக்கக் கூடாது. சால்மோனெல்லா, ஈ.கோலி, லிஸ்டீரியான்னு நாலஞ்சு கிருமிப் பேரைச் சொல்லி பயமுறுத்தியிருக்காங்க.

ஆறு வருஷமா ஷவர்மா போடுறேன். வயிறு வலிக்குதுன்னு ஒரு ஆள் இன்னைக்கு வரைக்கும் என் கடை வாசல்ல வந்து நின்னதில்ல. பக்கத்துக் கடையில கலக்கி விக்கிறான், ஆஃப்பாயில் விக்கிறான். ஜிம்முக்குப் போற பசங்க பச்சை முட்டையை உடைச்சு அப்படியே வாயில ஊத்துறாங்க. அதெல்லாம் சரி, மயோனைஸ் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

லேப்காரி

சார், ஆஃப்பாயில்னா ஒரு முட்டை, ஒரு தட்டு, ஒரு ஆள், அஞ்சு நிமிஷம். மயோனைஸுக்கு ஒரே ஜார்ல எத்தனை முட்டை உடைக்கிறீங்க? அதுல ஒண்ணு கெட்டதா இருந்தா அன்னைக்கு வந்த அத்தனை பேருக்கும் பங்கு போகும். அது மட்டுமில்ல, சால்மோனெல்லா என்டரிடிடிஸ்னு ஒரு வகை கோழியோட சினைப்பைக்குள்ளயே இருந்து, ஓடு கட்டுறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ள போயிடும். ஓட்டை எவ்வளவு கழுவினாலும் பிரயோஜனமில்ல. வாடை வராது, நிறம் மாறாது.

வாசல்ல வந்து யாரும் நிக்கலன்னு சொன்னீங்க. சால்மோனெல்லா வேலையைக் காட்ட ஆறு மணி நேரமும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம். உங்க ஷவர்மாவை சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டவர் திங்கக்கிழமை காலையில பேதியாகும்போது அன்னைக்குச் சாப்பிட்ட பொங்கலைத்தான் திட்டுவார்.

பழையசோறு (மதுரை)

லேப் மேடம் சொல்றது பாடமா கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பயம் எங்க ஆரம்பிச்சதுன்னு பாருங்க. 2022 மே மாசம் கேரளாவுல காசர்கோடு செறுவத்தூர்ல ஷவர்மா சாப்பிட்டு ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு செத்துப்போச்சு. நோயாளிங்ககிட்ட கண்டுபிடிச்சது ஷிகெல்லா. அது முட்டைக்குள்ள குடியிருக்கிற கிருமி இல்ல, மனுஷன் மலத்துல இருந்து கை வழியா, தண்ணி வழியா வர்றது. அதுக்கு மயோனைஸைத் தடை பண்றது, தலைவலிக்குக் கால்ல கட்டுப் போடுற கதை. சோப்பு வாங்கிக் குடுங்க, தண்ணித் தொட்டியைப் பாருங்க.

நாளைக்கே எல்லாரும் பால்ல அடிச்ச மயோனைஸுக்கு மாறிடுவாங்க. அதே கை, அதே பாட்டில். அப்ப என்ன பண்ணுவீங்க?

நாமக்கல்லம்மா

முட்டைக்குப் பேர் போன ஊர்லருந்து பேசறனுங்க. 2023 செப்டம்பர்ல எங்கூர்ல ஷவர்மா சாப்பிட்டு பதினாலு வயசுப் புள்ள ஒண்ணு போயிருச்சு. அதுக்கப்புறம் மாவட்டத்துலயே கொஞ்ச நாளைக்கு ஷவர்மாவை நிறுத்தி வெச்சாங்க. பெத்தவங்களுக்கு அது என்ன கிருமின்னு பேர் தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுங்க?

என் பையனுக்கும் போன வருசம் வந்துச்சு. கடை பேரு வேண்டாம். பொறந்தநாளுக்கு வாங்கித் தந்தேன், மூணு நாள் டிரிப்ஸ். தேறுனதுக்கப்புறம் அந்தக் கடைக்கு எதுக்கால ஒரு நாள் சாயங்காலம் நின்னு பாத்தேன். அடுப்புச் சூடு படற எடத்துல மயோனைஸ் பாட்டில் நிக்குது. பாதி காலியானதும் உள்ளருந்து ஒரு ஜக்குல புதுசு கொண்டாந்து பழசு மேலயே ஊத்தறாங்க. பாட்டில் மூக்குல காஞ்சு மஞ்சளாப் படிஞ்சிருக்கு, அதை ஒரு துணியில தொடைக்கறாங்க. கோழி வெட்டற பலகையத் தொடைச்சதும் அதே துணிதானுங்க. நின்ன ரண்டு மணி நேரத்துல அந்த பாட்டில் ஒருக்காலும் கழுவறதுக்குப் போகல.

கிரில்மாஸ்டர்

அக்கா, பையன் நல்லா இருக்கான்ல, அதுவே போதும். ஆனா நீங்க பாத்தது பாட்டிலோட தப்பு. முட்டை தப்பு இல்லையே.

லேப்காரி

ரெண்டும்தான் சார். ஆமா, உங்க மயோனைஸ்ல வினிகர் எவ்வளவு விடுவீங்க?

கிரில்மாஸ்டர்

வினிகர் வாடை வந்தா பசங்க தொடமாட்டாங்க. அரை மூடி எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை, பூண்டு. அவ்வளவுதான்.

லேப்காரி

அதான் விஷயமே. மோர் மிளகாயும் ஊறுகாயும் ஏன் கெடுறதில்ல? உப்பு, புளிப்பு. மயோனைஸுக்கும் உண்மையான காவல் புளிப்புதான். பிஹெச்னு புளிப்பை அளக்கிற எண் ஒண்ணு இருக்கு, புளிப்பு ஏற ஏற அது குறையும். அது 4.1 இல்ல அதுக்குக் கீழ இருந்தா சால்மோனெல்லா கொஞ்சம் கொஞ்சமாச் செத்துடும். வினிகர் சரியா விட்டுச் செஞ்ச மயோனைஸை உடனே ஃப்ரிட்ஜுல வெச்சா, அந்தக் குளிர்ல கிருமி சாகாம தூங்கிக்கிட்டிருக்கும். கொஞ்ச நேரம் வெளிய வெச்சாத்தான் புளிப்பு வேலை செய்யும்.

பழையசோறு

ஆஹா! அப்ப வெளிய வெச்சதுதான் சரியா? அண்ணே, ஜெயிச்சாச்சு 😄

லேப்காரி

அவர் மயோனைஸுக்கு இது பொருந்தாது சார். அரை மூடி எலுமிச்சையும் சர்க்கரையும் கிருமிக்கு விருந்தே வைக்கும். பிஹெச் அளந்து பார்க்கிற ஷவர்மா கடையை நான் இன்னும் பார்க்கல. அளக்க முடியாத எடத்துல முட்டையையே எடுத்துடுன்னு சொல்றாங்க. என் கண்ணுக்கு அதுல தப்புத் தெரியல.

வடக்குவாசல்

வெளிநாட்டுக் கதை ரெண்டு. 1988 டிசம்பர்ல பிரிட்டன்ல எட்வினா கரி என்ற துணை அமைச்சர், நாட்டு முட்டை உற்பத்தியில பெரும்பகுதி சால்மோனெல்லாவால பாதிக்கப்பட்டிருக்குன்னு ஒரு வாக்கியம் சொன்னாங்க. முட்டை வியாபாரம் படுத்துடுச்சு, ரெண்டு வாரத்துல அவங்க பதவியும் போச்சு. 2011ல ஜெர்மனியில ஈ.கோலி பரவினப்போ ஹாம்பர்க் அதிகாரிங்க ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கை காட்டினாங்க. ஸ்பெயின் விவசாயிங்க வண்டி வண்டியாக் குப்பையில கொட்டினாங்க. கடைசியில குற்றவாளி ஜெர்மனியிலேயே ஒரு பண்ணையில முளைகட்டின பயிறு. ஐம்பது பேருக்கு மேல செத்தாங்க. ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிங்களுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல நஷ்டஈடு குடுக்க வேண்டியதாச்சு. அவசரப்பட்டு எச்சரிக்கை விட்டா இதான் கதி.

லேப்காரி

முதல் கதையைப் பாதியில விட்டுட்டீங்க. 1998ல இருந்து அங்க சிங்கம் படம் வெச்ச தர முத்திரை போட்ட முட்டைக்காகக் கோழிக்கெல்லாம் சால்மோனெல்லா தடுப்பூசி. ஒவ்வொரு முட்டை மேலயும் எந்தப் பண்ணைன்னு எண் அச்சடிச்சிருக்கும். 2017ல, அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காடாவே சாப்பிடலாம்னு அந்த நாட்டு உணவுத் தர ஆணையமே சொல்லிடுச்சு. ஜெர்மனியில பயிறுன்னு கண்டுபிடிச்சதும், எந்த உணவகத்துக்கு எங்கிருந்து சரக்கு போச்சுன்னு ரசீதைப் பிடிச்சுப் போய்த்தான்.

நம்ம ஊர்ல பாக்கெட் சரக்குக்கு பேட்ச் எண் இருக்கு, ஒரே தடவையில செஞ்சதுக்கெல்லாம் ஒரே எண். ஒரு பேட்ச் கெட்டா அதை மட்டும் திரும்ப வாங்கிக்கலாம், மத்தது கடையில இருக்கும். 2017ல வந்த திரும்பப் பெறும் விதிகள்ல, பல கிளைக்கு ஒரே எடத்துல செஞ்சு அனுப்புற பெரிய சங்கிலிக் கடைகளைத் தவிர, சாதாரண உணவகத்துக்கும் பார்சல் கடைக்கும் திரும்பப் பெறும் திட்டமே தேவையில்லன்னு விட்டுட்டாங்க. கிரில் சார், உங்க பாட்டில்ல நேத்து ஊத்தினது எது, இன்னைக்கு ஊத்தினது எதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. பிரிக்க முடியலன்னா மொத்தமாத்தான் நிறுத்தணும்.

பழையசோறு

விதி எழுதினவன் விட்ட ஓட்டைக்கு, கடைக்காரன் ஒரு வருஷம் அபராதம் கட்டணுமா? இதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

கொச்சித்தமிழன்

இங்க கேரளாவுல 2023 ஜனவரியில பச்சை முட்டை மயோனைஸை நிறுத்தினாங்க. கூடவே இன்னொண்ணு வந்துச்சு: பார்சல் மேல எப்ப செஞ்சது, எத்தனை மணிக்குள்ள சாப்பிடணும்னு ஸ்டிக்கர் ஒட்டணும். முதல் மாசம் எல்லாக் கடையிலயும் பளபளன்னு ஒட்டினாங்க. அப்புறம் நான் வாங்குற கடையில நேரம் எழுதுற எடம் வெறுமனே இருக்கும். கேட்டா, "சேட்டா, இப்போ உண்டாக்கியதா" (அண்ணே, இப்பதான் செஞ்சது)ன்னு சிரிப்பாங்க.

வடக்குவாசல்

தெலங்கானாவும் 2024 அக்டோபர்ல ஒரு வருஷத் தடை போட்டுச்சு. ஐதராபாத்ல என் தம்பி அதுக்கப்புறம் சாப்பிட்ட மயோனைஸ்ல முட்டை இருந்ததா இல்லையான்னு அவனுக்கே தெரியாது. எப்படித் தெரியும்?

நாமக்கல்லம்மா

ஸ்டிக்கர் ஒட்டட்டும், ஒட்டாம போகட்டும். ஒரு வருசம் முட்டை இல்லாம செஞ்சா கடைக்கு என்னங்க குறைஞ்சிரும்? சுவை ஒரு துளி கம்மியாகும். அவ்வளவுதானுங்க.

கிரில்மாஸ்டர்

அக்கா, உங்களோட சண்டை போட எனக்கு மனசு வரல. தடை தப்புன்னுதான் இன்னமும் சொல்வேன், பால்ல அடிச்சது வாயில வைக்கவே நல்லா இல்ல. ஆனா பாட்டில் விஷயம் உறுத்துது. ராத்திரி கடைப் பையனைக் கேட்டேன், கடைசியா எப்படா கழுவினேன்னு. யோசிச்சான். யோசிக்க வேண்டிய கேள்வியா அது? எட்டு புது பாட்டில் வாங்கியிருக்கேன். மேல டேப் ஒட்டி, ஊத்துன நேரத்தை எழுதப் போறேன்.

லேப்காரி

நேரம் தாண்டினதும் மிச்சத்தைக் கொட்டிடணும் சார். அதுக்கு மேல புதுசு ஊத்தக் கூடாது.

கிரில்மாஸ்டர்

கொட்டுறதுதான் கை வராது மேடம். எண்ணெய் என்ன விலை விக்குது தெரியுமா?

நாமக்கல்லம்மா

அப்ப சின்ன பாட்டிலா வாங்கீருக்கோணும்.