புதுப்பிப்பு: ஃபோர்னலுச்சுக்கு நடந்தே போய் வந்தேன்
ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் இருக்கும் ஃபோர்னலுச்சு என்ற மலைக்கிராமத்துக்குக் கார் எடுக்க வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "வேண்டாம், பக்கத்து ஊரான சோயேரிலிருந்து நடங்கள்" என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி. தீவின் தலைநகர் பால்மாவிலிருந்து 1912 முதல் ஓடும் ரயிலில் சோயேர். அப்புறம் பினியராஷ் என்ற சிற்றூர் வழியாக, ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே நிதானமான நடை.

ஊருக்குள் போனதும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பழைய வீடுகளின் இறவாரத்தில், ஓட்டின் அடிப்பக்கத்தில் செங்காவி நிறத்தில் சின்னச் சின்ன ஓவியங்கள்! கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். சுற்றிலும் சாந்தே இல்லாமல் கல்லடுக்கிக் கட்டிய, மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த விளைநிலங்கள். இந்த திராமுந்தானா மலைத்தொடரை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது முற்றிலும் நியாயம். கூழாங்கல் படிக்கட்டு வழுக்கும், நல்ல செருப்பு போடுங்கள்.