டிராஃப்ட் நாளில் நீங்கள் யாருக்காகக் கத்தினீர்கள்? ஈகிள்ஸ் ரசிகர்கள் அனுபவம் எழுதுங்கள்

முதலில் என் பாவக்கணக்கை நானே எழுதிவிடுகிறேன். நம்ம பிலடெல்பியா ஈகிள்ஸ் மாதிரி அமெரிக்கன் ஃபுட்பால் டீம்கள் காலேஜ் ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில், 2020 ஏப்ரலில் நான் ஜேலன் ரேகர் கட்சி.

பிலடெல்பியாவுக்கு மேற்கே எக்ஸ்டனில் இருக்கிறோம். கொரோனாவால் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம். கூடைப்பந்து நின்றுவிட்டது, பேஸ்பால் தொடங்கவே இல்லை. பேசுவதற்கு மிச்சம் இருந்தது டிராஃப்ட் மட்டும்தான். ஆறு குடும்பங்கள் வியாழக்கிழமை இரவு வீடியோ காலில் உட்கார்ந்தோம். லீக் கமிஷனரே அந்த வருடம் தன் வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்துதான் பெயர் வாசித்தார்.

நடுவில் ஊரிலிருந்து அப்பா போன். "என்னடா சத்தம், ஐபிஎல் ஏலம் மாதிரியா?" என்றார்.

"ஏலமே கிடையாதுப்பா. 32 டீம், ஏழு ரவுண்டு. போன வருஷம் மோசமா ஆடின டீம் முதல்ல எடுக்கும், கோப்பை ஜெயிச்ச டீம் கடைசியா எடுக்கும். காலேஜ்ல ஆடின பசங்களைத்தான் எடுக்கணும்."

"பையனுக்குப் பிடிச்ச டீம்னு ஒண்ணு இருக்காதா?"

"அவனை யாரும் கேக்க மாட்டாங்க."

"நம்ம இன்ஜினியரிங் கவுன்சலிங்கைத் தலைகீழா நிறுத்தின மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தைய சீசனில் எங்கள் வைடு ரிசீவர்களில், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவர்களில், ஒருவர்கூட 500 யார்டைத் தொடவில்லை. காயம், காயத்துக்கு மேல் காயம். ஆகவே ரிசீவர்தான் வேண்டும் என்பதில் ஊரே ஒரே கட்சி. யார் என்பதில்தான் சண்டை. சீடீ லாம்பை டல்லாஸ் 17ஆவது இடத்திலேயே கொத்திக்கொண்டு போய்விட்டது. நாங்கள் 21. மிச்சம் இருந்தவர்களில் இரண்டு பேர்: டிசியு காலேஜின் ரேகர், எல்எஸ்யு காலேஜின் ஜஸ்டின் ஜெஃபர்சன்.

நான் எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தேன். நின்ற இடத்திலிருந்து ரேகர் குதித்த உயரம் 42 அங்குலம். அந்தக் கட்டத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். பக்கத்திலேயே 40 யார்டு ஓட்டம்: ரேகர் 4.47 விநாடி, ஜெஃபர்சன் 4.43. என் ஷீட்டே ஜெஃபர்சன்தான் வேகம் என்றது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். "ரேகரோட வேகம் மேட்ச் டேப்லதான் தெரியும். அவனுக்குப் பந்து எறிய ஆளில்ல. ஜோ பர்ரோ எறிஞ்சா நானும்தான் 111 பிடிப்பேன்." பர்ரோ எல்எஸ்யு-வின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர். ஜெஃபர்சன் கடைசி வருடத்தில் பிடித்த பந்துகள் 111.

எங்கள் கூட்டத்தில் ஜெஃபர்சன் பெயரைச் சொன்னது ஒரே ஒரு ஆள். அப்போது ஒன்பது வயதான என் மகள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர் எழுதி வைத்திருந்தாள், முதல் பெயர் ஜெஃபர்சன். காரணம் கேட்டதற்கு, "அவர் பந்தைக் கீழயே விடமாட்டேங்கிறார்ப்பா" என்றாள். ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

21ஆவதாக ரேகர் என்றார்கள். எழுந்து நின்று கைதட்டினேன். சில நிமிடங்களில் 22ஆவதாக மின்னசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. முதல் சீசனில் ஜெஃபர்சன் 1,400 யார்டு, ரேகர் 396. 2022 ஆகஸ்டில் ரேகரை நாங்கள் அனுப்பி வைத்ததும் மின்னசோட்டாவுக்கேதான்.

மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. தினமும் பால் எடுக்கும்போது படிக்கிறேன்.

உங்கள் கதை என்ன?

* * *

அதே டிராஃப்ட்டின் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டீர்களே! எங்கள் வீட்டில் பூகம்பம் அன்றுதான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியில், செர்ரி ஹில்லில் இருக்கிறோம். ரேகர் என்றபோது என் கணவர் லேசாக முனகினார், அவ்வளவுதான். மறுநாள் இரண்டாவது ரவுண்டில், 53ஆவது பெயராக ஜேலன் ஹர்ட்ஸ் என்று வாசித்ததும் ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போய் புல்வெட்டும் மெஷினைக் கிளப்பிவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து எட்டிப் பார்த்தார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய கோடையில்தான் எங்கள் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு நான்கு வருடம், 128 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார்கள். அப்புறம் எதற்கு இன்னொரு குவாட்டர்பேக்? கடைசி வரிசையில் காவல் நிற்கும் சேஃப்டி இடத்துக்கு ஜெரமி சின் இன்னும் எடுக்கப்படாமல்தானே இருக்கிறான் என்று வாட்ஸ்அப்பில் எல்லாரும் பொரிந்தார்கள்.

எனக்கு டேப் பார்த்து அலசத் தெரியாது. ஆனால் ஹர்ட்ஸை எனக்கு 2018 ஜனவரியிலேயே தெரியும். காலேஜ் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், அலபாமாவும் ஜார்ஜியாவும். பாதி ஆட்டத்தில் அலபாமா கோச் நிக் சேபன் இவரை உட்கார வைத்துவிட்டு இன்னொரு குவாட்டர்பேக் டூவாவை இறக்கினார், டூவா ஜெயித்தும் கொடுத்தார். நான் பார்த்தது ஓரத்தில் நின்ற ஹர்ட்ஸைத்தான். முகம் சுளிக்காமல் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அதே வருட டிசம்பரில், அதே அட்லாண்டா ஸ்டேடியத்தில், அதே ஜார்ஜியாவுடன் எஸ்இசி என்ற காலேஜ் பிரிவின் இறுதி ஆட்டம். டூவாவுக்கு அடிபட, ஹர்ட்ஸ் எழுந்து வந்து ஆட்டத்தை ஜெயித்தார். "உக்காரவும் தெரியுது, எழுந்து வரவும் தெரியுது. இருக்கட்டுமே" என்று க்ரூப்பில் எழுதினேன். ஒரு தம்பி பதில் போட்டார்: "அக்கா, நீங்க கதை பாக்குறீங்க. நாங்க டேப் பாக்குறோம்."

2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், கன்சாஸ் சிட்டியை 40-22 என்று சாத்தி, ஹர்ட்ஸ் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி வாங்கிய இரவு அந்தத் தம்பியிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்: "அக்கா, இந்த ஏப்ரலுக்கு யாரு?"

பெருமைக்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2019இல் ரிசீவர் ஜேஜே அர்சேகா-வைட்சைடை 57ஆவதாக எடுத்தபோது குதித்துக் கொண்டாடியவளும் நான்தான். காரணம்? "ஸ்டான்ஃபோர்டுல படிச்ச பையன், ஒழுங்கா இருப்பான்." ஏழு பெயர் தள்ளி சியாட்டில் எடுத்தது, பின்னால் நட்சத்திரமான ரிசீவர் டீகே மெட்காஃபை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற புத்தி ரிசீவர் பார்க்க உதவாது.

* * *

நான் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 2010. டிரெக்ஸலில் எம்.எஸ். முதல் வருடம். அமெரிக்கா வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இந்த விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே சரியாகத் தெரியாது. முதல் ரவுண்டை வியாழக்கிழமை இரவுக்கு மாற்றிய முதல் வருடம் அது. மேற்கு பிலடெல்பியாவில் ஒரு பாரில் இடம் இல்லாமல் ஒரு பெரியவர் மேசையில் ஒட்டிக்கொண்டேன். டெலிவரி டிரக் ஓட்டுகிறவர். பிரையன் டாக்கின்ஸின் 20 எண் ஜெர்ஸி, கழுத்தில் நூல் பிரிந்திருந்தது.

நான் கேட்காமலேயே பாடம் தொடங்கிவிட்டார். கெட்சப் பாட்டில் எதிரணியின் குவாட்டர்பேக். நான்கு சர்க்கரைப் பொட்டலம் எங்கள் முன்வரிசை. எல்லாவற்றுக்கும் பின்னால், மேசையின் ஓரத்தில், தனியாக உப்பு ஜாடி. "இதுதான் சேஃப்டி. இங்கேதான் டாக்கின்ஸ் நின்றார். ஒரு வருடத்துக்கு முன் அவரை டென்வருக்குப் போக விட்டுவிட்டார்கள்." ஜாடியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இப்போது பார், இங்கே ஓட்டை." டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எர்ல் தாமஸ் வந்தால்தான் ஜாடி திரும்ப வரும் என்றார்.

24ஆவது இடத்தில் இருந்த ஈகிள்ஸ் இரண்டு மூன்றாம் ரவுண்டு இடங்களையும் சேர்த்து டென்வருக்குக் கொடுத்து 13க்குத் தாவியது. பார் முழுக்க எழுந்து நின்றது. பெரியவர் உப்பு ஜாடியை மேசைக்கு மேலே தூக்கி வைக்கத் தயாராக இருந்தார். மிஷிகனின் பிரண்டன் கிரஹாம் என்றார்கள். டிஃபென்சிவ் எண்ட், அதாவது சர்க்கரைப் பொட்டல வரிசையின் ஓரத்து ஆள். அடுத்த பெயரே, 14ஆவதாக, சியாட்டிலுக்கு எர்ல் தாமஸ்.

அவர் கத்தவில்லை. ஜாடியைக் கொண்டுபோய் வேறு மேசையில் வைத்துவிட்டு வந்து, நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் எட்டு வருடம் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கிரஹாமுக்கு முதல் டிசம்பரிலேயே முட்டி போனது. 2014இல் தாமஸ் சியாட்டிலோடு சூப்பர் பவுல் ஜெயித்தார். யாராவது ஈகிள்ஸ் என்றாலே "எர்ல் தாமஸை விட்டுட்டாங்களே" என்று தொடங்கிவிடுவேன். அந்த ஆட்டக்காரர் ஆடியதை அதுவரை மொத்தமாகப் பத்து ஆட்டம்கூட நான் பார்த்திருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

2018 பிப்ரவரி, மினியாபொலிஸ், சூப்பர் பவுல். 38-33, நாங்கள் முன்னால். இரண்டு நிமிடம் சொச்சம் பாக்கி, பந்து எதிரணி குவாட்டர்பேக் டாம் பிரேடி கையில். எல்லாருக்கும் முடிவு தெரியும், எத்தனை முறை பார்த்திருக்கிறோம். கிரஹாமின் கை நீண்டது, பந்து கீழே விழுந்தது. அன்றிரவு பிராட் ஸ்ட்ரீட்டில் மக்கள் ஏறிவிடக் கூடாது என்று விளக்குக் கம்பங்களுக்கு நகராட்சி எண்ணெய் பூசி வைத்திருந்தது, அப்படியும் ஏறினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு 20 எண் ஜெர்ஸி போட்ட ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

* * *

அந்தப் பந்தைப் பாய்ந்து எடுத்தது யார் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். டெரெக் பார்னெட். 2017இல் டிராஃப்ட் நம்ம ஊரிலேயே நடந்ததே, மியூசியம் படிக்கட்டுக்கு முன்னால், அன்று 14ஆவதாக எடுத்த பையன். நான் பார்க்வேயில் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றி நின்ற கூட்டம், பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் ஒருவர் பெயரைச் சொல்லி, டால்வின் குக், டால்வின் குக் என்றே கத்தியது. டென்னசி காலேஜில், எங்கள் பழைய நட்சத்திரம் ரெஜி வைட்டின் சாக் சாதனையையே (எதிரணி குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதுதான் சாக்) முறியடித்த பையனுக்கு, ரெஜி வைட்டைக் கும்பிடும் இந்த ஊரில் அன்று கிடைத்தது அரைக் கைதட்டல். மறுநாள் எங்கள் பரம எதிரி டல்லாஸின் பழைய ரிசீவர் ட்ரூ பியர்சன் மேடையேறி எங்களை வம்புக்கு இழுத்தபோது எழுந்த சத்தம்தான் சத்தம். மகன் அன்று இரண்டு புது வார்த்தை கற்றுக்கொண்டான். வீட்டில் எனக்கு ஒரு வாரம் சாப்பாடு மௌனமாகத்தான் கிடைத்தது.

ஆனால் ரசிகன் என்றாலே தப்பு என்கிற மாதிரி எழுதாதீர்கள். 2011இல் முதல் ரவுண்டிலேயே டேனி வாட்கின்ஸை எடுத்தார்கள். தீயணைப்பு வீரராக இருந்தவர், அப்போதே வயது 26. "இந்த வயசுல கத்துக்கிட்டு எப்ப ஆடுவான்?" என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டு சீசனில் வெளியே அனுப்பிவிட்டார்கள், அவர் மறுபடி தீயணைப்புத் துறைக்கே போனார். நல்ல மனிதர். ஆனால் நாங்கள் சொன்னது சரி.

* * *

என்னோடு லேபில் வேலை செய்து ரிடையர் ஆனவர் ஒருவர், தெற்கு பிலடெல்பியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். 1999இல் ரன்னிங் பேக் ரிக்கி வில்லியம்ஸ்தான் வேண்டும் என்று முப்பது பேர் பஸ் ஏறி டிராஃப்ட் நடந்த நியூயார்க் போய், ஈகிள்ஸ் எடுத்த குவாட்டர்பேக் டானவன் மெக்நாப் பெயரைக் கேட்டதும் ஊளையிட்டார்களே, அன்று இவரும் வீட்டில் டிவி முன்னால் நின்று ஊளையிட்டாராம். அப்போதைய மேயர் எட் ரெண்டலே ரிக்கி கட்சி என்பதால் குற்ற உணர்வெல்லாம் கிடையாது.

மெக்நாப் இங்கே பதினொரு சீசன் ஆடினார், சூப்பர் பவுலுக்கு அழைத்துப் போனார், அவருடைய 5 எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை. ரிக்கிக்காக நியூ ஆர்லியன்ஸ் அந்த வருடத்தில் இருந்த எல்லா இடங்களையும் அள்ளிக்கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது. இதையெல்லாம் ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அவரிடம் ஒப்பித்தேன். சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்தாமல் சொன்னார்: "பத்தாயிரம் யார்டு ஓடியிருக்கிறான். இங்கே வந்திருந்தால் பன்னிரண்டாயிரம்."

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இம்மி நகரவில்லை மனிதர்.

* * *

தொடங்கி வைத்தவன் மறுபடி வருகிறேன். இவ்வளவுக்கு அப்புறமும் நான் திருந்தவில்லை என்பதைச் சொல்லத்தான். 2024இல் 22ஆவதாக, எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக் குவின்யான் மிட்செல். "டொலீடோவா? அங்க எல்லாம் யாரோட ஆடியிருப்பான்?" என்றேன். அடுத்த நாள் 40ஆவதாக அயோவாவின் கூப்பர் டிஜீன். "ரெண்டு கார்னர் எதுக்கு, லைன்மேன் எங்க?" என்றேன். அந்தச் சீசனின் கடைசி ஆட்டத்தில், தன் 22ஆவது பிறந்தநாளன்று, கன்சாஸ் சிட்டி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார் டிஜீன். அக்கா சொன்ன அதே 40-22.

மகள் இப்போது ஹைஸ்கூல். ஏப்ரல் வந்தால் இன்னும் லிஸ்ட் எழுதுகிறாள், ஆனால் என்னிடம் காட்டுவதில்லை. முதலில் என் அறைக்கு வந்து, "அப்பா, உங்க சாய்ஸ் யாரு?" என்று பவ்யமாகக் கேட்பாள். சொல்வேன். திரும்பிப் போய் ஒரு பெயரை அடிப்பாள். பேனா கீறுகிற சத்தம் என் அறை வரை கேட்கும்.