மணி அடிக்காமல் போனது என் தவறு

மறையூர்க்காரன்:

மூன்று வருடமாகக் கிராவல் சைக்கிள் ஓட்டுகிறேன். தெரியாதவர்களுக்காக: பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடியும், மண் பாதையைத் தாங்கும் அகல டயரும் கொண்ட வண்டி. என்னுடையது 42 மி.மீ. டயர். காற்றை 35 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து வைத்தால் சரளைக் கல்லிலும் இடுப்பு தப்பிக்கும்.

சனி, ஞாயிறுகளில் மூணாறு ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது தண்டனை. வளைவுக்கு வளைவு வேன்கள், ஜன்னலுக்கு வெளியே நீளும் செல்போன்கள். தார் ரோட்டைக் கைகழுவிவிட்டேன். அதற்காகச் சின்னாறு சரணாலயத்துக்குள் நுழைகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். நான் போவது வெளியே, மறையூருக்கும் காந்தளூருக்கும் இடையில் கரும்புத் தோட்டங்களையும் சந்தனக் காட்டின் கம்பி வேலியையும் ஒட்டிக் கிடக்கும் ஜீப் பாதைகளில். இது மழை மறைவுப் பிரதேசம். மூணாறு ஊறிக் கிடக்கும் ஜூலையிலும் எங்களுக்கு நூல் மழைதான் விழும். பாதையில் சேறு இருக்காது. காலை ஆறு மணிக்குப் போனால் எதிரே ஒரு வண்டி வராது. அந்த அமைதிக்காகவே போனேன். சைக்கிளில் ஒரு மணிகூட வைத்திருக்கவில்லை.

போன ஆடி மாதம் ஒரு நாள். லேசான ஏற்றம், தூறலில் நனைந்த மணல். மிதிப்பதை நிறுத்தினால் என் வண்டியின் பின்சக்கரம் டிக் டிக் என்று பேசும். மிதித்துக்கொண்டிருந்தால் வாய் திறக்காது. ஏற்றம் என்பதால் மிதித்துக்கொண்டே இருந்தேன். வழியில் கரும்புச் சக்கை கிடந்தது. யாரோ கடித்துத் துப்பியது என்று நினைத்தேன், அவ்வளவு பெரிய வாய் யாருக்கு இருக்கும் என்று யோசிக்கவில்லை. பிறகு சாணம். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன், விலக்கி ஓட்டினேன். இன்று நினைத்தாலும் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

உண்ணிச்செடிப் புதர் மறைத்த ஒரு வளைவு. திரும்பியதும் தொழுவத்து வாடை குப்பென்று அடித்தது. காற்று எதிர்க்காற்று. அதன் வாடை எனக்கு வந்தது, என் வாடை அதற்குப் போகவில்லை. ஒற்றைக் கொம்பன் யானை, பின்புறம் எனக்குக் காட்டி நின்றுகொண்டிருந்தது. நடுவில் இரண்டு மாட்டுவண்டி நீளம்தான் இருக்கும். பிரேக் பிடித்தேன். ஈரமான டிஸ்க் பிரேக் போடும் கிறீச் ஒலியை ஓட்டுகிறவர்கள் அறிவார்கள். யானை திரும்பியது என்று சொன்னால் போதாது. அந்த உடம்பு அத்தனை வேகத்தில் சுழலும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. காதுகளை விரித்து நான்கு எட்டு முன்னே வந்து நின்றது. சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் பின்பக்கமாக நடந்தேன். ஓடவில்லை. தைரியத்தால் அல்ல, முழங்கால் மடங்கவில்லை. வளைவு தாண்டிய பிறகுதான் ஓடினேன்.

கீழே காவல் குடிசையில் முதுவர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் இருந்தார். கடுங்காப்பி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார். “ஜீப் வந்தால் யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கிவிடும். நடந்து வருகிறவன் பேசிக்கொண்டு வருவான், காலடி கேட்கும். நீங்கள்தான் தம்பி, ஓசையும் இல்லாமல் வேகமாகவும் வருகிறீர்கள். புலி அப்படித்தான் வரும்” என்றார். நான் அமைதி என்று கொண்டாடியதற்கு யானையின் கணக்கில் வேறு பெயர் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு மணி நேரம் கழித்து அவரோடு போய்ப் பார்த்தேன். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடியில் கட்டியிருந்த பை மட்டும் கிழிந்து தனியே கிடந்தது. அதில் நான்கு மறையூர் வெல்ல உருண்டைகள் இருந்தன, ஓட்டும்போது தெம்புக்கு வைத்திருப்பேன். 2019 இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம். யானைக்கும் தரம் தெரிந்திருக்கிறது, ஒரு துண்டு மிச்சமில்லை. “பலகாரத்தைக் கட்டிக்கொண்டு அதன் வீட்டுக்குப் போனீர்களா?” என்று பெரியவர் சிரித்தார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

எங்கள் பக்கம் யானை இல்லை அண்ணா, மண்தான் எதிரி. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி கரிசல். கேரளாவில் கரிசல் மண்ணா என்று வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். காய்ந்திருக்கும்போது வாய்க்கால் கரைப்பாதை தெய்வம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் தண்ணீர். ஒரு மழை விழுந்தால் போதும், சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மண் அப்பி வண்டி நின்றுவிடும். போன ஐப்பசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வண்டியின் எடை பாதி, மண்ணின் எடை பாதி. கள் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் மரத்தின் உச்சியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இறங்கி வந்து ஒன்றும் பேசாமல் ஒரு மட்டையைப் பிளந்து மண்ணை வழித்துக் கொடுத்தார். நன்றி சொன்னேன். “மழை பெய்தால் நாங்கள் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு வருவோம்” என்றார்.

இன்னொன்று, மார்கழிக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து அடிக்கும். பாலக்காடு போகும்போது நான் பெரிய வீரன். திரும்பி வரும்போது சமதரையிலேயே மலையேறுவேன்.

வண்டிப்பெரியார் எஸ்டேட்:

எனக்கு மாட்டுக் கதை. தேயிலைக்கு நடுவே போகிற கல் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, “தம்பி, அந்தப் பக்கம் போகாதே, மாடு நிற்கிறது” என்று கத்தினார். மாடுதானே, ஒதுங்கிப் போய்விடலாம் என்று கையைக் காட்டிவிட்டு இறங்கினேன். பத்து வருடம் வெளியூரில் படித்து, வேலை பார்த்து, எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பேச்சையே மறந்துபோயிருக்கிறேன். எஸ்டேட்டில் மாடு நிற்கிறது என்று எச்சரித்தால் அது காட்டுமாடு. பாதையை அடைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல நின்றது. மூக்கால் ஒரு சீறல். பிரேக் பிடித்து, வண்டியைத் திருப்ப இடமில்லாமல், தேயிலைச் செடிக்குள் விழுந்தேன். அதற்கு என் மேல் அக்கறையே இல்லை, மெல்ல இறங்கிப் போய்விட்டது. மேலே பத்துப் பெண்கள் சிரித்த சிரிப்புதான் இன்னும் காதில் இருக்கிறது. சட்டையைக் கழற்றியபோது ஏழு அட்டைகள்.

குப்பம்:

நான் ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு யானை புதிது. 1980களில்தான் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து இங்கே வந்தன, பிறகுதான் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. முதுவர் பெரியவரைப் போல பரம்பரையாக யானை வழக்கம் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அப்பா தலைமுறைதான் முதலில் பார்த்தது. இரவெல்லாம் பயிர்க் காவல், பட்டாசு. அதனால் விடியற்காலையில் யானையும் எரிச்சலில் இருக்கும், மனிதரும் எரிச்சலில் இருப்பார்கள். நான் எட்டு மணிக்கு முன் காட்டோரப் பாதையில் இறங்குவதில்லை. ஒரு முறை இறங்கினேன். யானை வரவில்லை, பரணில் தூங்காமல் இருந்த விவசாயி என்னை யானை என்று நினைத்து டார்ச் அடித்துத் தெலுங்கில் வைதார், நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு சந்தேகம் மறையூர் அண்ணா. மணி அடிக்க வேண்டும் என்கிறீர்கள். யானையின் முகத்துக்கு எதிரே நின்று மணி அடித்தால் அதற்குக் கோபம் வராதா?

மறையூர்க்காரன்:

வரும். நான் தெளிவாக எழுதவில்லை, மன்னிக்கவும். மணி, வளைவுக்கு முன்னால். பாதை புதருக்குள் மறையும் ஒவ்வோர் இடத்திலும். பார்த்துவிட்ட பிறகு மணி, விசில், போட்டோ எதுவும் கூடாது. சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும். சாணத்தில் ஆவி கண்டால் அன்றைக்குப் பயணம் அங்கேயே முடிந்தது. வெல்லத்தையும் விட்டுவிட்டேன், இப்போது வெறும் கடலைப் பொட்டலம்.

கைப்பிடியில் வைக்கிற சின்ன மணி எனக்குப் போதவில்லை, அதை அடிக்க ஞாபகமும் இருக்காது. உடுமலைச் சந்தையில் மாட்டுக் கழுத்து மணி ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கிறேன். பாதையில் குலுங்கினால் தானே ஒலிக்கும். முதல் நாள் காந்தளூர் பக்கம் ஒரு வீட்டைக் கடந்தேன். மாடு அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டதென்று நினைத்து, ஒரு பாட்டி கையில் கயிற்றோடு வாசலுக்கு ஓடி வந்தார்.