இஞ்சி எண்ணெய்க்கு வளையம் சிறிதாக வருவது ஏன்?

கோணேசபுரி மாணவி:
வணக்கம். திருகோணமலையில் சித்த மருத்துவம் பயில்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காக இஞ்சி, மஞ்சள், ஏலம் ஆகிய மூன்றிலிருந்தும் நீராவியில் எண்ணெய் வடித்தெடுத்து, 6 மி.மீ. கடதாசித் தட்டுகளில் ஊறவைத்து, பற்றீரியா பூசிய ஏகார்க் (பற்றீரியா வளர்க்கும் கூழ்) கிண்ணங்களில் வைத்தேன். ஸ்டெபைலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவில் இஞ்சிக்குக் கிடைத்த வளையம் (தட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத வட்டம்) தட்டையும் சேர்த்து 9 மி.மீ. மட்டுமே, ஈ. கோலை என்ற பற்றீரியாவில் வளையமே இல்லை. ஒப்பீட்டுக்கு வைத்த கராம்பு எண்ணெயோ இரண்டிலும் அகன்ற வட்டம் காட்டியது. சளிக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் வீட்டில் முதலில் தேடுகிற இஞ்சி இவ்வளவு வலுவற்றதா, அல்லது என் முறையில் பிழையா?

நிலாவெளி ஆய்வுகூடத்தான்:
தங்கைக்கு வணக்கம். வளையத்தின் அகலத்தை வைத்து எண்ணெயின் வலுவை முடிவுசெய்ய வேண்டாம். ஏகாரின் பெரும்பகுதி நீர். இஞ்சி எண்ணெயில் மிகுந்திருக்கும் சிஞ்சிபெரீன் போன்றவை நீரில் ஏறத்தாழக் கரையாதவை என்பதால், தட்டை விட்டு வெளியே ஊர முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. கராம்பின் யூஜினோல் ஒரு பீனோல். வீரியமும் உண்டு, நீரில் ஓரளவு கரைந்து பரவவும் செய்யும். இலேசான கூறுகளோ 37 பாகையில் ஓர் இரவுக்குள் ஆவியாகி மூடிக்குள் நிறைந்துவிடும். ஆகவே ஒரே கிண்ணத்தில் இரண்டு எண்ணெய்களை வைத்திருந்தால் ஒன்றின் ஆவி மற்றதன் முடிவையும் குழப்பியிருக்கும்.

96 சிறு குழிகள் கொண்ட தட்டில் ஐதாக்கல் (படிப்படியாகச் செறிவு குறைத்தல்) முறையைச் செய்து பாருங்கள். எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் டுவீன் 80 சிறிது சேர்த்து எண்ணெயைக் குழம்பாக்கி, குழிக்குக் குழி செறிவைப் பாதியாகக் குறைத்துச் சென்று, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காணலாம். குழம்பு பால்போல் கலங்கியிருப்பதால் கண்ணால் தீர்மானிக்க இயலாது. ரெசசூரின் சாயத்தை இட்டால், உயிருள்ள பற்றீரியா இருக்கும் குழியில் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். தடுத்தது எண்ணெயா டுவீனா என்று பிரித்தறிய, எண்ணெய் இல்லாமல் டுவீன் மட்டும் கொண்ட குழியொன்று கட்டாயம் வேண்டும். நான் ஒருமுறை அதை விட்டுவிட்டு, மூன்று வார வேலையை முழுதாகத் திரும்பச் செய்தேன்.

ஈ. கோலை கிராம் மறை வகை, அதாவது சுவருக்கு வெளியே இன்னொரு மென்சவ்வும் கொண்ட பற்றீரியா. அதன் வெளிமென்சவ்வு எண்ணெய்க் கூறுகளை எளிதில் உட்புக விடாது. அந்த முடிவு எதிர்பார்க்கக் கூடியதுதான்.

உப்புவெளி வைத்தியர்:
மகள், ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இஞ்சி எண்ணெய் வேறு, வேர்க்கொம்புக் (சுக்கு) கசாயம் வேறு. உறைப்பைத் தரும் ஜிஞ்சரோல் நீராவியோடு ஏறி வராது. இஞ்சி உலரும்போது அதில் ஒரு பகுதி சோகாவோலாக மாறும். மஞ்சளின் குர்குமினும் அப்படித்தான்: எண்ணெயில் வருபவை டர்மரோன்கள், நிறம் கிழங்கிலேயே நின்றுவிடும். காய்ச்சி முடிந்த குடுவையில் மிஞ்சிய சக்கையை முகர்ந்தால் மணம் போயிருக்கும், ஆனால் உறைப்பு போயிருக்காது. எண்ணெயில் கண்ட முடிவை வைத்துக் கசாயத்தின் குணத்தைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுதிவிட வேண்டாம். அதேபோல், கிண்ணத்தில் பற்றீரியாவைத் தடுத்தது என்பதற்காக வடித்த எண்ணெயை ஒருவருடைய புண்ணில் நேரே தடவவும் கூடாது, தோல் எரிந்துவிடும்.

கோணேசபுரி மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. இடம் போதாமல் ஏலத்தையும் இஞ்சியையும் ஒரே கிண்ணத்தில்தான் வைத்திருந்தேன். அந்த அளவீடுகளை நீக்கிவிடுகிறேன். முதற்காய்ச்சலின் சக்கையை வீசிவிட்டேன். நாளை காய்ச்சப்போகும் இஞ்சியின் சக்கையை உலர்த்தி, எதனோலில் ஊறவைத்து, எண்ணெயோடு அந்தச் சாற்றையும் குழித் தட்டில் சோதிக்கிறேன்.