அப்பாவின் 1 ஜிபி மடிக்கணினியில் லினக்ஸ் ஏற மறுக்கிறது: உதவி தேவை

சாத்தூர்வெயில்:
வணக்கம். அப்பா பத்திர எழுத்தர். 2009இல் வாங்கிய சின்ன மடிக்கணினியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி ராம், 160 ஜிபி வட்டு, விண்டோஸ் எக்ஸ்பி. தொடங்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. புதிது வாங்கித் தருகிறேன் என்றால் "இதற்கு என்ன குறை?" என்கிறார்.

தெரிந்த கடையில் லினக்ஸைப் பென்டிரைவில் பதிந்து வாங்கி வந்தேன். செருகித் தொடங்கினால் கறுப்புத் திரையில், இந்தக் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) எக்ஸ்86-64 செயலி வேண்டும், இங்கே இருப்பதோ ஐ686 என்று சொல்லி நின்றுவிடுகிறது. பென்டிரைவ் பழுதா? அப்பாவுக்கு வேண்டியது தமிழ்த் தட்டச்சு, அச்சு, எப்போதாவது இணையத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பது. அவ்வளவுதான்.

பழையஇரும்பு:
பென்டிரைவில் பழுதில்லை. என்270 வெறும் 32 பிட் செயலி; திரை சொன்ன ஐ686 அதுதான். கடைக்காரர் பதிந்து கொடுத்தது 64 பிட், அதாவது எக்ஸ்86-64. எத்தனை முறை பதிந்தாலும் இதே வரிதான் வரும். இலேசான லினக்ஸ் வகையான லுபுண்டு, 19.04 முதல் 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. டெபியன் என்ற லினக்ஸின் 12ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவி உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்குக் கிடையாது. ஆகவே டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலேசான லினக்ஸின் 32 பிட் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் உடனே வட்டை அழித்துவிடாதீர்கள். அப்பாவின் பழைய பத்திரங்கள் பாமினி போல ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பழைய எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆவணங்களோடு எக்ஸ்பியின் எழுத்துருக் கோப்புறையையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

வைகைமணல்:
இவ்வளவு எதற்கு? பப்பி லினக்ஸ் போடுங்கள். முழுவதும் ராமிலேயே ஓடும், பறக்கும்.

பழையஇரும்பு:
பறக்கும், மறுக்கவில்லை. இருப்பதே 1 ஜிபி; அதில் இயங்குதளம் முழுவதும் ஏறி உட்கார்ந்தால் உலாவிக்கு மிச்சம் என்ன? தவிர, கணினியை அணைக்கும்போது சேமிப்புக் கோப்பு பற்றி அது கேட்கும் கேள்விக்குப் பெரியவர் ஒருநாள் தவறாகப் பதில் சொன்னால் அன்றைய வேலை போய்விடும். பத்திர எழுத்தரிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

சாத்தூர்வெயில்:
ஆன்டிஎக்ஸ் ஏறிவிட்டது. வைஃபை எடுக்கவில்லை, கைப்பேசியை யூஎஸ்பி வழியாக இணைத்துச் சமாளித்தேன். தொடங்கியதும் 180 எம்பிதான் பிடிக்கிறது. எழுத்துருக்களைப் போட்டதும் பழைய பத்திரங்கள் ஒழுங்காகத் திறந்தன. மிக்க நன்றி அண்ணா.

இன்னும் இரண்டு சிக்கல். உலாவியில் இரண்டாவது தாவலைத் திறந்தால் வட்டின் விளக்கு அணையாமல் எரிகிறது, சுட்டி நகர்வதில்லை. அடுத்து, அப்பா தட்டச்சு ஹையர் முடித்தவர். தமிழ்99 என்ற வேறு எழுத்து வரிசைப் பலகையைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்.

பழையஇரும்பு:
விளக்கு எரிவதிலேயே விடை இருக்கிறது தம்பி. ராம் நிரம்பியதும் கர்னல் நினைவகப் பக்கங்களை வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் இடத்துக்குத் தள்ளுகிறது. சுழலும் பழைய வட்டுக்கு அந்த வேகம் ஏது? லினக்ஸைத் தொடக்கி வைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பில், கர்னல் வரியில் இசட்ஸ்வாப்பை இயக்கிவிட்டு, கிரப்பைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்யுங்கள். பக்கங்கள் முதலில் ராமிலேயே சுருக்கி வைக்கப்படும். வட்டுக்குப் போவது குறையும்.

ஆனால் அது ஒட்டுப்போடுவதுதான். கீழ் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ராம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படாமல் தனிக் குச்சியாக இருந்தால், பழைய 2 ஜிபி டிடிஆர்2 மடிக்கணினிக் குச்சி ஒன்று வாங்கிப் போடுங்கள். என்270 கணினிகளில் வழக்கமாக வரும் 945ஜிஎஸ்இ சிப்செட் 2 ஜிபி வரை ஏற்கும். அதற்கு மேல் ஏற்காது. 4 ஜிபி என்று கடையில் தலையில் கட்டுவார்கள், ஏமாறாதீர்கள்.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு, விசைப்பலகை அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பை நிறுவுங்கள். அதன் தமிழ்ப் பட்டியலில் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் இருக்கிறது. அப்பாவின் விரல்கள் மறந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 32 பிட் லினக்ஸுக்கு குரோம் 2016லேயே நின்றது. ஃபயர்பாக்ஸும் 144ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. நீண்ட ஆதரவுள்ள 140க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை புதுப்பிப்பு உண்டு என்று அறிவித்தார்கள். ஆகவே வில்லங்கச் சான்றை உங்கள் கைப்பேசியில் இறக்கி, கோப்பை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கணினி தட்டச்சுக்கும் அச்சுக்கும் இன்னும் பல வருடம் உழைக்கும். இணையத்துக்கு இதை நம்ப வேண்டாம். எக்ஸ்பிக்குத் திரும்பும் எண்ணமும் வேண்டாம். அதன் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்துவிட்டது.

சாத்தூர்வெயில்:
குச்சி தனியாகத்தான் இருந்தது. 2 ஜிபி போட்டாயிற்று, மூன்று தாவல் திறந்தும் சுட்டி நகர்கிறது. நேற்று அப்பா ஒரு கிரயப் பத்திரத்தை முழுவதுமாகத் தட்டச்சு அமைப்பிலேயே அடித்து முடித்தார். ஒரு முறைகூட விசைப்பலகையைக் குனிந்து பார்க்கவில்லை. மூடியைச் சாத்தித் திறந்தால் மட்டும் திரை இருட்டாகவே இருக்கிறது. அதைத் தனி இழையில் கேட்கிறேன்.